தமிழ்த் திரைப்பாட்டு: எழுதியவர் யார், மெட்டமைத்தவர் யார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாட்டு நினைவிருக்கும். பாடியவரின் குரல் காதிலேயே நிற்கும். திரையில் வாயசைத்தவரின் முகமும் மறக்காது. எழுதியது யார் என்று கேட்டால் மட்டும் பலர் சற்றுத் தயங்கி, "கண்ணதாசனாக இருக்கும்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார்கள். தமிழ்த் திரைப்பாட்டை உருவாக்கியவர்களின் தொழில் வாழ்க்கை பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சிலவற்றுக்கு ஒரு பத்தி போதும். சிலவற்றில் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது.

பழைய தத்துவப் பாட்டு என்றால் கண்ணதாசன்தானே?

இல்லை. இந்த ஒரு பதிலுக்காகவே இப்பக்கத்தை எழுதலாம். 'படகோட்டி' (1964) படத்தின் பாடல்கள் அனைத்தும் வாலி எழுதியவை. 'தரைமேல் பிறக்க வைத்தான்', 'கொடுத்ததெல்லாம் கொடுத்தான்' இரண்டும் அதில் அடக்கம். 'இரு மலர்கள்' (1967) படத்தின் 'மாதவிப் பொன் மயிலாள்' பாட்டும் அவருடையதே. 'மணப்பாறை மாடு கட்டி' மருதகாசி எழுதியது. 'தூங்காதே தம்பி தூங்காதே' பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம்.

குழப்பம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. பல பாடல்களில் அதே டி.எம். சௌந்தரராஜன் குரல், அதே விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசை, திரையில் அதே எம்.ஜி.ஆர். அல்லது சிவாஜி. இவ்வளவும் ஒன்றாக இருந்தால் வரிகளும் ஒரே கையிலிருந்து வந்ததாகத்தான் தோன்றும். போதாததற்குக் கண்ணதாசன் அரசியல், பத்திரிகை, நாவல் என்று எல்லா இடத்திலும் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தவர்.

என் காதுக்குத் தெரியும் வேறுபாடு ஒன்று உண்டு. கண்ணதாசன் பெரும்பாலும் தனக்குத்தானே பேசுகிறார். யார் வாயசைத்தாலும் அது அவருடைய மனக்குறையாகவே கேட்கிறது. வாலி அந்த வரியைத் திரையில் சொல்லப்போகிறவரை எதிரே நிறுத்திக்கொண்டு எழுதுகிறார். 'நான் ஆணையிட்டால்' எம்.ஜி.ஆருக்காகவே தைத்த சட்டை. வேறு யார் போட்டாலும் தோளில் நிற்காது.

கண்ணதாசனின் முதல் பாட்டும் கடைசிப் பாட்டும் எவை?

முதலாவது 'கலங்காதிரு மனமே'. 'கன்னியின் காதலி' (1949) படத்தில் வந்தது. கடைசிப் பாட்டு 'கண்ணே கலைமானே'. இளையராஜா இசையமைத்த அந்தப் பாட்டு இடம்பெற்ற 'மூன்றாம் பிறை' 1982-இல் வெளிவந்தது. கவிஞர் அதற்கு முன்பே, 1981 அக்டோபர் 17 அன்று சிகாகோவில் காலமாகிவிட்டார்.

நடுவில் இருந்த முப்பத்திரண்டு ஆண்டுகளும் நேர்கோடாகப் போகவில்லை. படத் தயாரிப்பில் இறங்கினார். 'மாலையிட்ட மங்கை' (1958) கைகொடுத்தது. 1960-இல் 'கவலை இல்லாத மனிதன்' என்று ஒரு படம் எடுத்து, அதனாலேயே பெருங்கவலையில் மூழ்கினார். பெயர் வைத்த நேரம் என்று சொல்வதைத் தவிர வேறு வழியில்லை. சிறந்த பாடலாசிரியருக்கான தேசிய விருதை முதன்முதலில் பெற்றவர் அவர்தான், 'குழந்தைக்காக' (1968) படத்துக்கு. 1980-ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி விருது பாட்டுக்குக் கிடைத்தது என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது 'சேரமான் காதலி' என்ற நாவலுக்குக் கிடைத்தது.

'மயக்கமா கலக்கமா' வாலியைச் சென்னையிலேயே தங்க வைத்ததாகச் சொல்வது உண்மையா?

வாலியே மேடைகளில் பலமுறை சொன்ன செய்தி. 1959-இல் 'அழகர் மலைக் கள்வன்' படத்துக்குப் பாட்டு எழுதிவிட்டார். அதன் பிறகு வாய்ப்புகள் வரிசையில் வந்து நிற்கவில்லை. மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்கே போய்விடலாம் என்று இருந்தவரைப் பார்க்க வந்த பி.பி. ஸ்ரீநிவாஸ், தாம் அப்போது 'சுமைதாங்கி' (1962) படத்துக்குப் பாடியிருந்த கண்ணதாசன் பாட்டைப் பாடிக் காட்டினார். வாலி மூட்டையை அவிழ்த்துவிட்டார். மறு ஆண்டே 'கற்பகம்' வந்தது. 'அத்தை மடி மெத்தையடி' வீட்டுக்கு வீடு ஒலித்தது.

பின்னாளில் போட்டியாளர் என்று ஊரே பேசப்போகிற ஒருவரின் பாட்டுதான் இவரைத் தொழிலில் நிறுத்தியது. அதன் பிறகு அரை நூற்றாண்டு அவர் நகரவேயில்லை. 'முக்காலா முக்காபுலா' (1994) எழுதியதும் அதே கைதான். 'சில்லுனு ஒரு காதல்' (2006) படத்தின் 'முன்பே வா' வெளிவந்தபோது அவருக்கு வயது 74. கல்லூரி மாணவர்கள் அந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு திரிந்தார்கள், எழுதியவரின் வயது தெரியாமல்.

விஸ்வநாதன்–ராமமூர்த்தி இரட்டையரில் யார் என்ன செய்தார்கள்? ஏன் பிரிந்தார்கள்?

மெட்டு எம்.எஸ். விஸ்வநாதன் (எம்.எஸ்.வி.), வாத்திய ஒழுங்கு ராமமூர்த்தி என்று பொதுவாகச் சொல்வார்கள். எம்.எஸ்.வி. ஆர்மோனியத்தின் முன்னால் உட்கார்ந்தால் மெட்டு கொட்டும் என்பதும், ராமமூர்த்தி சாஸ்திரிய இசையில் ஊறிய வயலின் கலைஞர் என்பதும் உண்மை. அதற்காக ஒவ்வொரு பாட்டையும் கோடு போட்டுப் பிரித்துவிட முடியாது. இருவர் சேர்ந்து ஓர் அறையில் உருவாக்கியதற்கு அப்படிப்பட்ட கணக்கு கிடையாது.

'பணம்' (1952) தொடங்கி 'ஆயிரத்தில் ஒருவன்' (1965) வரை சேர்ந்திருந்தார்கள். பிரிவுக்குக் காரணமாக உலவும் கதைகளை நான் இங்கே திருப்பிச் சொல்லப்போவதில்லை; ஆளுக்கொரு கதை இருக்கிறது. பிரிந்த பிறகு ராமமூர்த்தி ஒன்றுமே செய்யவில்லை என்பது மட்டும் தவறு. 'மறக்க முடியுமா?' (1966) படத்தின் 'காகித ஓடம்' அவர் இசை, எழுதியவர் மு. கருணாநிதி. 1995-இல் 'எங்கிருந்தோ வந்தான்' படத்துக்காக இருவரும் மீண்டும் சேர்ந்தார்கள். காலம் அதற்குள் வேறு பக்கம் திரும்பியிருந்தது.

எம்.எஸ்.வி. கடைசிவரை வேலை செய்தார். ஏ.ஆர். ரகுமான் இசையில் 'ஆலாலகண்டா' (1999), 'விடை கொடு எங்கள் நாடே' (2002) இரண்டையும் பாடினார். தமிழ்நாட்டில் அரசு விழா தொடங்கும்போதெல்லாம் ஒலிக்கும் 'நீராரும் கடலுடுத்த' பாடலின் இசையும் அவருடையதுதான். அப்படிப்பட்டவருக்குப் பத்ம விருதுகளில் ஒன்றுகூடக் கொடுக்கப்படவில்லை. யாருக்கு வெட்கம் என்பதை வாசகர் முடிவு செய்துகொள்ளட்டும்.

மெட்டு முதலிலா, வரிகள் முதலிலா?

இரண்டும் உண்டு. இசையமைப்பாளர் கே.வி. மகாதேவன், கவிஞர் எழுதிய பாட்டைக் கையில் வாங்கிக்கொண்டு அதற்கு மெட்டுப் போடுவதையே விரும்பியவர். பாரதியாரின் கவிதையைப் படத்தில் வைத்தால் வேறு வழியே இல்லை. 'பாரதி' (2000) படத்தில் 'நிற்பதுவே நடப்பதுவே' கவிதைக்கு இளையராஜா இசை அமைத்தது அப்படித்தான். மற்றபடி கடந்த அரை நூற்றாண்டில் மெட்டுக்கு எழுதுவதே பெருவழக்கம்.

மெட்டுக்கு எழுதுவது இட்டு நிரப்பும் வேலை என்று ஏளனம் பேசுகிறவர்கள் ஒரு முறை எழுதிப் பார்க்கலாம். இசையமைப்பாளர் தத்தகாரமாகச் சந்தம் கொடுப்பார். 'தன்ன தானனா, தன்ன தானனா' என்று வைத்துக்கொள்வோம். 'வெள்ளி நீரிலே, துள்ளும் மீனிலே' என்று எழுதினால் பொருந்துகிறது. 'நீ', 'மீ' என்ற நெடில்கள் மெட்டு நீளும் இடத்தில் வந்து விழுகின்றன. கடைசி 'லே' திறந்த ஓசை, பாடுகிறவர் எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கலாம். அதே இடத்தில் 'வெள்ளி நதியில்' என்று எழுதிப் பாருங்கள். பொருள் ஏறக்குறைய அதேதான். ஆனால் நீளும் இடத்தில் குறில் நிற்கிறது. பாடகர் அதை இழுத்தே ஆக வேண்டும். இழுத்தால் 'நாதியில்' என்று கேட்கும். நதி போய் நாதியற்ற பாட்டாகிவிடும். கடைசியில் 'ல்' என்று வாய் மூடிக்கொள்வதால் அடுத்த கார்வைக்கும் இடமில்லை.

இந்தக் கணக்கையெல்லாம் மனத்துக்குள் முடித்துவிட்டு, கதைச் சூழல் கெடாமல், எதுகை மோனை தவறாமல், கேட்டவுடன் புரியும்படி எழுத வேண்டும். கண்ணதாசன் இதை வாயால் சொல்லச் சொல்ல உதவியாளர் எழுதிக்கொள்வார். எம்.எஸ்.வி. ஆர்மோனியத்துடன் எதிரே இருப்பார். வரி நன்றாக வந்துவிட்டால் மெட்டை அதற்காக வளைப்பதும் நடக்கும். இன்று மெட்டு ஒலிக்கோப்பாகக் கைப்பேசிக்கு வந்து சேருகிறது. எழுதுகிறவர் ஓரிடம், இசையமைப்பவர் வேறிடம். வேலை விரைவாக முடிகிறது என்பது சரி. ஆனால் வரிக்காக மெட்டு வளைந்துகொடுத்த அந்தப் பேரம் இப்போது அருகிவிட்டது என்பது என் எண்ணம்.

இவர்களெல்லாம் ஒரே பாட்டில் புகழ் பெற்றவர்களா?

வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். உள்ளே போய்ப் பார்த்தால் ஒவ்வொருவருக்கும் பின்னால் இன்னொருவரின் ஒலிப்பதிவுக்கூடத்தில் கழிந்த ஆண்டுகள் இருக்கும். திரையிசையில் குருகுலம் என்று பெயர் வைக்கவில்லையே தவிர, நடந்தது அதுதான்.

விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் இசையமைப்பாளர் சி.ஆர். சுப்பராமனின் குழுவில் வாசித்தவர்கள். 1952-இல் சுப்பராமன் இளம் வயதில் திடீரென்று மறைய, 'தேவதாஸ்' உள்ளிட்ட அவருடைய பாதி வேலைகளை இவர்கள் முடித்துக் கொடுத்தார்கள். அவர்களிடம் உதவியாளராக இருந்தவர் ஜி.கே. வெங்கடேஷ். அவர் கன்னடத்தில் பெரிய இசையமைப்பாளர் ஆனபோது அவருக்கு உதவியாளராகச் சேர்ந்து கிட்டார் வாசித்தவர் பண்ணைப்புரத்திலிருந்து வந்த ராஜா, பின்னாளில் இளையராஜா. ஏற்கெனவே அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவில் ஊர் ஊராகப் பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் வாசித்து, சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்று வந்தவர். 'அன்னக்கிளி' (1976) வெளிவந்தபோது அவர் முப்பதைத் தாண்டியிருந்தார். 'மச்சானைப் பாத்தீங்களா' கேட்டவர்களுக்கு அது திடீர் வெடி. அவருக்கு அது பல ஆண்டு வேலையின் தொடர்ச்சி.

'அன்னக்கிளி' வாய்ப்பைக் கொடுத்துப் பாடல்களையும் எழுதிய பஞ்சு அருணாசலம் யார் என்று பாருங்கள். கண்ணதாசனின் அண்ணன் மகன். அவரிடமே உதவியாளராக இருந்து அவர் சொல்லச் சொல்லப் பாட்டு எழுதிக்கொண்டவர். கவிஞரின் உதவியாளர் கொண்டுவந்த இசையமைப்பாளர்தான் கவிஞரின் கடைசிப் பாட்டுக்கும் இசையமைத்தார்.

சங்கிலி அதோடு அறவில்லை. இளையராஜாவின் குழுவில் கீபோர்டு வாசித்த சிறுவர்களில் ஒருவர் திலீப். பின்னாளில் ஏ.ஆர். ரகுமான். அவருடைய அக்காள் மகன் 'ஜென்டில்மேன்' (1993) படத்தின் 'சிக்குபுக்கு ரயிலே' பாட்டில் குழந்தைக் குரலாக வந்தார்; 'வெயில்' (2006) படத்தில் ஜி.வி. பிரகாஷ் குமார் என்ற பெயரில் இசையமைப்பாளராக அறிமுகமானார்.

அப்படியானால் 'ரோஜா'வில் ரகுமான் புதியவர் என்பது?

படத்துக்குப் புதியவர், தொழிலுக்கு அல்ல. தந்தை ஆர்.கே. சேகர் மலையாளத் திரையுலகில் இசையமைப்பாளர். 1976-இல் அவர் இறந்தபோது ரகுமானுக்கு ஒன்பது வயது. வீட்டில் இருந்த இசைக் கருவிகளை வாடகைக்கு விட்டுக் குடும்பம் நடந்தது. சிறு வயதிலேயே பல இசையமைப்பாளர்களிடம் கீபோர்டு வாசித்தார். பிறகு விளம்பரப் படங்கள். சில நொடிகளுக்குள் ஒரு முழு உணர்வைச் சொல்லிவிடும் பயிற்சி அங்கேதான் கிடைத்திருக்க வேண்டும். வீட்டோடு சேர்ந்த ஸ்டூடியோவையும் 'ரோஜா' (1992) வருவதற்கு முன்பே அமைத்துவிட்டார்.

அந்த ஸ்டூடியோதான் பெரிய மாற்றம். அதற்கு முந்தைய தலைமுறையில் நாற்பது, ஐம்பது வாத்தியக்காரர்களும் பாடகர்களும் ஒரே கூடத்தில் நின்று ஒரே டேக்கில் பாட்டை முடிப்பார்கள். கடைசிச் சரணத்தில் ஒரு வயலின் பிசகினாலும் பல்லவியிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும். பல தடங்களில் தனித்தனியாகப் பதிவு செய்யும் முறை மெல்ல வந்து, ரகுமானிடம் முழுமையாக வேரூன்றியது. பாடகர் தனியாக வருவார், பலவிதமாகப் பாடிவிட்டுப் போவார். எது இறுதிப் பாட்டில் இருக்கும் என்பது வெளிவந்த பிறகே அவருக்குத் தெரியும். 'சின்னச் சின்ன ஆசை' மின்மினி பாடியது. எழுதிய வைரமுத்துவுக்கும் இசையமைத்த ரகுமானுக்கும் அந்தப் படத்துக்காகத் தேசிய விருது கிடைத்தது. 2009-இல் இரண்டு ஆஸ்கார் விருதுகள் வந்தபோது தமிழ்நாட்டில் பலர் சொன்னது, அதைவிட நல்ல பாட்டுகள் அவரிடம் நிறைய இருக்கின்றன என்பதுதான். நானும் அந்தக் கட்சி.

இளையராஜாவும் வைரமுத்துவும் எவ்வளவு காலம் சேர்ந்து வேலை செய்தார்கள்?

'நிழல்கள்' (1980) முதல் 'புன்னகை மன்னன்' (1986) வரை. ஆறே ஆண்டுகள். வைரமுத்துவின் முதல் திரைப்பாட்டு 'இது ஒரு பொன்மாலைப் பொழுது' அந்த 'நிழல்கள்' படத்தில்தான். படம் ஓடவில்லை, பாட்டு நின்றுவிட்டது. 'முதல் மரியாதை' (1985) வைரமுத்துவுக்கு முதல் தேசிய விருதைத் தந்தது. மொத்தம் ஏழு முறை பெற்றிருக்கிறார். பிரிவால் இழப்பு கேட்பவர்களுக்குத்தான். இருவரும் வேறு வேறு துணைகளோடு நன்றாகவே வேலை செய்தார்கள்.

முன்பு நடிகர்களே பாடினார்களே?

ஆம். எம்.கே. தியாகராஜ பாகவதர் காலத்தில் பாடத் தெரியாதவர் கதாநாயகனாக முடியாது. 'ஹரிதாஸ்' (1944) சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அதில் வந்த 'மன்மத லீலையை வென்றார் உண்டோ' பாட்டை எழுதிய பாபநாசம் சிவன் கர்நாடக இசை உலகில் சங்கீத கலாநிதி பட்டம் பெற்றவர். 1940-களின் இறுதியில் பின்னணிப் பாடகர் முறை பரவிய பிறகே குரலும் முகமும் பிரிந்தன. டி.எம். சௌந்தரராஜனின் முதல் படமான 'கிருஷ்ண விஜயம்' 1950-இல் வந்தது.

பின்னணிப் பாடகருக்கும் காத்திருப்பு உண்டு. சில நேரம் அவருக்காக மற்றவர்கள் காத்திருந்ததும் உண்டு. 'அடிமைப் பெண்' (1969) படத்தில் 'ஆயிரம் நிலவே வா' பாட வேண்டிய நேரத்தில் எஸ்.பி. பாலசுப்ரமணியம் நோயில் படுத்துவிட்டார். வேறொருவரைப் பாட வைக்காமல் எம்.ஜி.ஆர். அவர் தேறி வரும்வரை காத்திருந்தார் என்பதை எஸ்.பி.பி. கடைசிவரை நன்றியோடு சொல்லிவந்தார்.

குறுகிய காலத்தில் பெரும்பெயர் எடுத்தவர்கள்?

பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். 1930-இல் பிறந்து 1959 அக்டோபர் 8 அன்று, 29 வயதில் போய்விட்டார். திரையில் எழுதிய காலம் சில ஆண்டுகளே. அதற்கு முன் விவசாயச் சங்க வேலை, மாடு மேய்ப்பு, உப்பளம் என்று பல தொழில்கள் பார்த்தவர். அவர் பாட்டில் வரும் உழைப்பாளி புத்தகத்திலிருந்து வந்தவன் அல்லன்.

நா. முத்துக்குமார் 2016 ஆகஸ்ட் 14 அன்று 41 வயதில் மறைந்தார். 'ஆனந்த யாழை' ('தங்க மீன்கள்', 2013), 'அழகே அழகே' ('சைவம்', 2014) இரண்டுக்கும் அடுத்தடுத்த ஆண்டுகளில் தேசிய விருது. விருது பெறாத பாட்டுகளில்தான் அவர் இன்னும் நன்றாக இருக்கிறார் என்பேன். 'போறாளே பொன்னுத்தாயி' பாட்டுக்குத் தேசிய விருது பெற்ற ஸ்வர்ணலதா 2010-இல் 37 வயதில் மறைந்தார்.

பெண் பாடலாசிரியர்கள், பெண் இசையமைப்பாளர்கள் இருக்கிறார்களா?

மிகக் குறைவு, தொழிலின் பெருங்குறை இது. தாமரையின் 'வசீகரா' ('மின்னலே', 2001) பெண் மனத்தைப் பெண்ணே எழுதினால் எப்படியிருக்கும் என்று காட்டியது. ஹாரிஸ் ஜெயராஜுக்கும் அதுவே முதல் படம். ஆங்கிலச் சொல்லோ கொச்சையோ இல்லாமல்தான் எழுதுவேன் என்று சொல்லிக்கொண்டே இத்தனை காலம் தாக்குப்பிடித்தவர் தாமரை. உமாதேவி 'மெட்ராஸ்' (2014) படத்தின் 'நான் நீ', 'கபாலி' (2016) படத்தின் 'மாய நதி' எழுதினார். இசையமைப்பில் பவதாரிணி போன்ற ஒரு சிலரே. பாடகியாக அவர் 'பாரதி' படத்தின் 'மயில் போல பொண்ணு ஒண்ணு' பாட்டுக்குத் தேசிய விருது பெற்றார். 2024 ஜனவரியில் காலமானார்.

இத்தனை ஆயிரம் பாட்டு எழுதினார், பாடினார் என்ற எண்ணிக்கைகளை நம்பலாமா?

ரசிகர் மன்றக் கணக்கை நம்ப வேண்டாம். எண்ணிச் சரிபார்த்த கணக்குகளும் உண்டு: பி. சுசீலா தனியாகவும் சேர்ந்தும் பாடிய 17,695 பாடல்களை 2016-இல் கின்னஸ் நிறுவனம் அங்கீகரித்தது. இளையராஜாவின் ஆயிரமாவது படமாக அறிவிக்கப்பட்டது 'தாரை தப்பட்டை' (2016). இணைய வாக்கெடுப்புகளில் எனக்கு நம்பிக்கை குறைவு. 2002-இல் பிபிசி உலக சேவை நடத்திய வாக்கெடுப்பில் 'தளபதி'யின் 'ராக்கம்மா கையத் தட்டு' உலக அளவில் நான்காம் இடம் பெற்றது. அது பாட்டின் பெருமையையும் காட்டியது, நம்மவர்களின் வாக்களிக்கும் ஊக்கத்தையும் காட்டியது.

ஒரு பாட்டு சட்டப்படி யாருக்குச் சொந்தம்?

ஒரு பாட்டுக்குள் மூன்று உரிமைகள் இருக்கின்றன: வரிகள் ஒன்று, மெட்டு ஒன்று, ஒலிப்பதிவு ஒன்று. இதைப் புரிந்துகொண்டால் செய்தித்தாளில் வரும் பாதிச் சண்டைகள் விளங்கிவிடும்.

1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின்படி, தயாரிப்பாளர் பணம் கொடுத்துப் படத்துக்காக எழுதச் சொன்னால் உரிமை தயாரிப்பாளருக்கே என்ற நிலை இருந்தது. 1977-இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. பாட்டுக்கு ஒரு தொகை வாங்கிக்கொண்டு பாடலாசிரியர் போய்விட வேண்டியதுதான். அந்தப் பாட்டு ஐம்பது ஆண்டுகள் காசு கொழித்தாலும் அவருக்கு ஒன்றுமில்லை. 2012-இல் வந்த திருத்தம் இதை மாற்றியது. திரையரங்கில் படத்தோடு ஓடுவதைத் தவிர மற்ற பயன்பாடுகளில் வரும் உரிமைத்தொகையில் சம பங்கு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உண்டு. அந்தப் பங்கை விட்டுக்கொடுப்பதாக அவர்களே கையெழுத்துப் போட்டாலும் செல்லாது. அந்தத் தொகையை வசூலித்துப் பிரித்துக் கொடுப்பது 1969-இல் தொடங்கிய இந்திய நிகழ்த்துரிமைச் சங்கம்.

2017-இல் எஸ்.பி.பி. அமெரிக்காவில் கச்சேரிப் பயணத்தில் இருந்தபோது, அனுமதியின்றித் தம் பாடல்களைப் பாடக் கூடாது என்று இளையராஜா தரப்பிலிருந்து அறிவிக்கை போனது. நட்பைச் சட்டம் வெட்டுவதா என்று ஊரே கொதித்தது. டிக்கெட் விற்று நடத்தும் கச்சேரியில் மெட்டமைத்தவருக்குப் பங்கு கேட்பது நியாயம்தான். கேட்ட ஆளும் கேட்கப்பட்ட ஆளும் ஒரே தலைமுறையின் இரு கண்களாக இருந்ததால் வலித்தது. 2019-இல் இருவரும் மீண்டும் ஒரே மேடையில் நின்றார்கள்.

காலக்கெடுவும் தனித்தனி. வரிகளுக்கும் மெட்டுக்கும் படைத்தவர் மறைந்து 60 ஆண்டுகள். ஒலிப்பதிவுக்கு வெளியானதிலிருந்து 60 ஆண்டுகள். 'நாடோடி மன்னன்' (1958) படத்தின் 'தூங்காதே தம்பி தூங்காதே' பாட்டை எடுத்துக்கொள்வோம். ஒலிப்பதிவுக்கான காலம் 2018 இறுதியில் முடிந்துவிட்டது. கல்யாணசுந்தரம் மறைந்தது 1959 என்பதால் வரிகளுக்கு 2019 இறுதியோடு தீர்ந்தது. இசையமைத்த எஸ்.எம். சுப்பையா நாயுடு மறைந்தது 1979-இல். ஆகவே மெட்டு மட்டும் 2039 முடியும்வரை காவலில் இருக்கிறது.

படமே இல்லாமல் பாட்டால் மட்டும் பெயர் வாங்க முடியுமா இப்போது?

முடிகிறது. 2011-இல் அனிருத் இசையில் தனுஷ் எழுதிப் பாடிய 'கொலவெறி', '3' படம் வருவதற்குப் பல மாதங்கள் முன்பே யூடியூபில் உலகைச் சுற்றிவிட்டது. படம் பின்னால் மூச்சு வாங்க ஓடி வந்தது. 2021 மார்ச்சில் வந்த 'என்ஜாய் எஞ்சாமி' எந்தப் படத்திலும் இல்லை. தீ, அறிவு இருவரும் பாட, சந்தோஷ் நாராயணன் தயாரித்தது. ஆனால் படம் இல்லாவிட்டாலும் பழைய கேள்வி மட்டும் விடவில்லை: பாட்டில் யார் பங்கு எவ்வளவு, பெயர் யாருக்கு என்ற விவாதம் அதற்கும் பொதுவெளிக்கு வந்தது.

ஒரு பாட்டை எழுதியவர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

படத்தின் தொடக்கத்தில் வரும் பெயர்ப் பட்டியலைப் பாருங்கள். பல பாடலாசிரியர்கள் எழுதிய படமென்றால் எந்தப் பாட்டு யாருடையது என்று அதில் இருக்காது. அப்போது அந்தக் காலத்தில் திரையரங்கு வாசலில் விற்ற பாட்டுப் புத்தகம்தான் துணை. பழைய புத்தகக் கடைகளில் இன்னும் கிடைக்கிறது, பெரும்பாலும் அட்டை இல்லாமல். கண்ணதாசன், பட்டுக்கோட்டை, மருதகாசி, வாலி பாடல்களுக்குத் தொகுப்பு நூல்கள் இருக்கின்றன. பாட்டுச் செயலிகளில் முதல் பார்வைக்குத் தெரிவது பாடகரும் இசையமைப்பாளரும்தான். எழுதியவர் பெயர் வேண்டுமென்றால் பாட்டின் விவரப் பகுதியைத் திறக்க வேண்டும், பழைய பாடல்களுக்கு அங்கேயும் தவறான பெயர் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். எனவே ஒரே இடத்தை நம்பாமல் தொகுப்பு நூலோடு ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள்.